மச்சானின் ஹெட்போனும் எர்த் குழியும்

ஜூன் 8, ஞாயிறு

எட்டு மணிக்கே வெக்கை. காற்று இருக்கிறது, ஆனால் புழுதியோடு. மாடி வராந்தாவை இரண்டு தடவை பெருக்கியாயிற்று. பாலிடெக்னிக் திறக்க இன்னும் ஒரு வாரம். அதுவரை லேப் சாவிக்கும் எனக்கும் ஓய்வு.

பதினோரு மணிக்கு மச்சான் வந்தார். என் மனைவி சுமதியின் அண்ணன், மலைச்சாமி. கீழக்குயில்குடியிலிருந்து வில்லாபுரம்வரை இந்த வெயிலில் பைக்கில். ஒரு தார் வாழை, ஒரு பை. பைக்குள் துண்டு, துண்டுக்குள் ஹெட்போன். பச்சைப் பிள்ளையைக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் கொடுத்தார்.

பிளானர் வகை. சாதாரண ஸ்பீக்கர் மாதிரி உள்ளே கூம்பு கிடையாது. பூச்சிச் சிறகு மாதிரி ஒரு படலம், அதன் இரண்டு பக்கமும் வரிசையாகக் காந்தம். நான் சொல்லித்தான் வாங்கினார். பொங்கலுக்கு வந்தபோது என்னுடையதை மாட்டிவிட்டு ஒரு தவில் பதிவு போட்டேன். பத்து நிமிடம் கண்ணைத் திறக்கவில்லை. "தவுல்காரர் வெரலு தோலத் தொடுறது கேக்குது மாப்ள" என்றார். உரக்கடையை மத்தியானம் இரண்டு மணி நேரம் அடைப்பார். இப்போது அந்த இரண்டு மணி நேரமும் இதற்குத்தான். சாப்பாட்டைக்கூடச் சுருக்கிவிட்டாராம்.

குறை: "பாட்டு பிரமாதம். அரை மணிக்கு மேல தாங்கலையே மாப்ள. உச்சந்தல வலிக்குது. காதச் சுத்தி வேர்வை. கண்ணாடிக் காம்பு வேற அமுக்குது. கழட்டி வைக்கவும் மனசு வரல."

செய்ய வேண்டியவை:
— தலைப்பட்டைக்கு அடியில் அகலமான தோல் வார். எடை ஒரே இடத்தில் இறங்கக் கூடாது. அரைக் கிலோ இருக்கும் போல.
— பிடி தளர்த்துவது. மச்சானுக்குப் பெரிய தலை. புத்தக அடுக்கின் மேல் இரண்டு நாள் மாட்டி வைத்தால் போதும்.
— காது மெத்தை புதிது. ரெக்சின் வேண்டாம், பனியன் துணி. பின்பக்கம் தடிப்பு, முன்பக்கம் மெலிசு.
— கண்ணாடிக் காம்புக்கு மெத்தையில் ஒரு பள்ளம். சந்து விழுந்தால் தவிலின் அடிச்சத்தம் அந்த வழியாக ஓடிவிடும்.
— மெத்தையின் உள்சுவரில் ஊசித் துளைகள். கூர்மையான சத்தம் காதைக் குத்துவது குறையும்.
— அரிசி மாவு அரைக்க வேண்டும் (சு. இரண்டாம் தடவை நினைவூட்டினாள்).

கிளம்பும்போது சொன்னார்: "மாப்ள கையில குடுத்தாச்சு. இனி எனக்கென்ன." கேட்க நன்றாக இருந்தது. உள்ளதை எழுதுவோம்: அந்த வீட்டுக்கு நான் போகும்போது எனக்கென்று நிலம் இல்லை, கடை இல்லை, லேப் உதவியாளர் வேலை. சத்தம் என்ற ஒரே விஷயத்தில்தான் நான் பெரிய ஆள்.

ஜூன் 10, செவ்வாய்

தெற்குவாசல். பை தைக்கிறவரிடம் தோல் வார். ஆட்டுத்தோல், மெலிசு, உள்ளங்கை அகலம். அவருக்குப் புரியவைக்க அரை மணி. "தலைக்கா? குதிரைக்குப் போடுற மாதிரில்ல கேக்குறீங்க!" பக்கத்தில் நின்ற அம்மாள் பள்ளிக்கூடப் பையோடு: "இந்த ஜிப்பு மூணாவது தடவ அண்ணே. இந்தத் தடவ போச்சுன்னா நான் ஒங்கள விடமாட்டேன்."

வார் அருமையாக அமைந்தது. மாட்டிப் பார்த்தேன். தலையில் எதுவும் இருப்பதே தெரியவில்லை. கண்ணாடி முன்னால் நின்று கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டேன். சு. பார்த்துவிட்டாள்.

ஜூன் 11, புதன்

அனல். மின்விசிறி சுற்றியும் பயனில்லை. வேலையை வராந்தாக் கட்டைச்சுவருக்கு மாற்றினேன், நல்ல வெளிச்சம்.

மெத்தை தைத்தது சு. (பழைய தையல் மிஷினில், "உங்க பனியனக் கிழிச்சு எங்க அண்ணனுக்கா?" என்று சிரித்துக்கொண்டே). வலது பக்கம் மதியத்துக்குள் முடிந்து மூடியாகிவிட்டது. இடது பக்கம் மெத்தை வளையத்துக்குப் பசை காய வேண்டியிருந்தது. படலத்தின் மேல் செய்தித்தாள் மூடினேன். காற்றில் பறந்தது. மறுபடி மூடினேன், மறுபடி பறந்தது. விட்டுவிட்டேன். சாப்பாடு, கொஞ்சம் தூக்கம். கீழே கிரில் பட்டறையில் ஏதோ கல்யாண மண்டபத்துக்கு இரும்புக் கேட்டாம், காலையிலிருந்து கம்பி தேய்க்கிற கிரைண்டர். தூக்கமும் சரியில்லை.

ஐந்து மணிக்கு எல்லாம் பூட்டி ஒரு பெண் குரல் பாட்டு. சுத்தம். இடது பக்கம் எங்கோ ஒரு கிர். கீழே கிரைண்டர் என்று நினைத்தேன். தவில் போட்டுப் பார்க்கவில்லை, மாவு மில்லுக்குப் போக வேண்டியிருந்தது.

ஜூன் 12, வியாழன்

கீ.குடி போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மச்சான் வீட்டில் எல்லாரும் கூடத்தில். மாட்டினார். இரண்டு கையாலும் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கே மாப்ள! காதுக்கு மெத்தை போட்டாப்ல!" அத்தை, அதாவது சு.வின் அம்மா, உள்ளேயிருந்து: "எங்க மாப்ள கை பட்டா சும்மாவா."

மெத்தை சாய்வானது என்பதால் இடம் வலம் மாறக் கூடாது. இடது பக்கம் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். "எக்காரணம் கொண்டும் மாத்தி மாட்டிறாதீங்க மச்சான். சாய்வு கெட்டுப் போயிரும்." வாத்தியார் மாதிரி சொன்னேன். மச்சான் மகள் கயல் (ஒன்பதாவது போகிறாள்) நூலைத் தொட்டுப் பார்த்து, "செவப்பு இடது, செவப்பு இடது" என்று மனப்பாடம் செய்தாள்.

கறிக்குழம்பு. நாலு இட்லி அதிகம்.

ஜூன் 14, சனி

மேகம், மழை இல்லை.

காலை பத்து மணிக்கு மச்சான் போன். குரலில் தயக்கம். "ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க மாப்ள. எடது பக்கம் ஒரு கிர்ருனு வருது. தவுலு அடிக்கிறப்ப மட்டும். எனக்கு மட்டுந்தான் தோணுதான்னு தெரியல."

எனக்குப் புதன்கிழமை கிர் ஞாபகம் வந்தது. வந்த அதே நொடியில் வாய் சொல்கிறது: "ஒங்க வீட்டு எர்த் சரியில்ல மச்சான்." யாரும் கேட்கவில்லை, நானே மேலே மேலே சொன்னேன். பழைய வீடு, எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும், ஆம்ப்ளிஃபையர் அதை இழுத்துக்கொள்ளும், இடது சேனலில்தான் முதலில் தெரியும். இடது சேனலில்தான் முதலில் தெரியுமாம்! எந்தப் புத்தகத்தில்?

பின்னால் அத்தை குரல்: "மாப்ள என்ன சொல்றாரு?" போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். வீடே கேட்டிருக்கிறது.

வைத்ததும் வராந்தாவுக்குப் போனேன். கட்டைச்சுவரில் என் காந்த முனை ஸ்க்ரூ டிரைவர், புதன்கிழமை வைத்த இடத்திலேயே. முனையில் கறுப்பாக மயிர் முளைத்திருந்தது. இரும்புத் தூள். சுவர் நெடுக அதை ஓட்டினேன், தாடியே வந்துவிட்டது. கீழே கிரைண்டர், மேலே திறந்த காந்தம், இரண்டு மணி நேரம். படலத்துக்கும் காந்தத்துக்கும் நடுவில் தூள் போய் உட்கார்ந்திருக்கிறது. தவில் அடிக்கும்போது படலம் அதிர்ந்து அதில் உரசுகிறது. எர்த்தாம் எர்த்து.

லேப்பில் பதினாறு வருடமாகப் பையன்களிடம் சொல்கிற முதல் வாக்கியம்: காந்தத்துக்குப் பக்கத்தில் இரும்புத் தூள் வைக்காதே.

அப்போதே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சு. கேட்டாள்: "என்னவாம்?" "எர்த்தாம்" என்றேன். "ஆம்" போட்டுச் சொன்னேன், வேறு யாரோ சொன்னதுபோல.

ஜூன் 16, திங்கள்

பாலிடெக்னிக் திறந்தாயிற்று. வருகைப் பதிவு இயந்திரம் வேலை செய்யவில்லை. பழையபடி கையெழுத்து.

மத்தியானம் குடும்பக் குழுவில் ஒரு படம். மச்சான் வீட்டுக் கொல்லை. ஆள் இடுப்பளவுக்குக் குழி, குழிக்குள் எலக்ட்ரீசியன். பக்கத்தில் கரி மூட்டை, உப்பு மூட்டை, புதுக் குழாய். கீழே மச்சான் எழுதியிருக்கிறார்: "மாப்ள சொன்னபடி புது எர்த் போடுறோம்." கட்டைவிரல் உயர்த்திய கைகள் ஏழு. சு. போட்டதும் அதில் ஒன்று.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். துணி துவைக்கிற கல்லைப் பெயர்த்துச் சுவரோரம் சாய்த்திருக்கிறார்கள். அத்தை அந்தக் கல்லில்தான் முப்பது வருடமாகத் துவைக்கிறார்.

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வயிற்றுக்கு ஒன்றுமில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். ஹெட்போனைத் திருப்பி மாட்டினால் கிர் வலது காதுக்குப் போய்விடும். கிர் ஹெட்போனோடு சேர்ந்தே நகர்கிறது என்றால் சந்தேகம் ஹெட்போன் மேல்தான் திரும்பும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தோன்றும். மூன்று நாளாக அந்தப் போன் வரும் வரும் என்று இருந்தேன்.

வராது. எக்காரணம் கொண்டும் மாற்றி மாட்டாதீர்கள் என்று சொன்னது யார்? சிவப்பு நூல் வேறு. நான் சொன்னால் அந்த வீட்டில் மீறமாட்டார்கள். எனக்குப் பலகாரம் வைத்துவிட்டு, நான் முதல் வாய் வைக்கும்வரை எதிரில் நின்றுகொண்டிருக்கிற குடும்பம்.

ஷேர் ஆட்டோவில் ஒருவர் போனில்: "நான் சொல்லலப்பா. அவராத்தான் முடிவு பண்ணிக்கிட்டாரு. நான் என்ன பண்ணுறது." ஒரு நிமிடம் என்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். ஆடிக் காற்று முன்னதாகவே வந்ததுபோல வீச்சு. சமணமலைப் பக்கம் பாறை மட்டும் கறுப்பாக, மேலே மேகமே இல்லை.

சு.வோடு கீ.குடி. போகாமலிருக்கக் காரணம் தேடிப் பார்த்தேன். தலைவலி என்றேன். "அங்க போனா சரியாப் போகும்" என்றாள்.

முதலில் குழியைக் காட்டினார்கள். மூடிச் சிமெண்டு பூசி, நடுவில் தண்ணீர் ஊற்ற ஒரு குழாய் வாய். அத்தை தினமும் காலையில் ஒரு குடம் ஊற்றுகிறாராம். "கோயில் செடிக்கு ஊத்துற மாதிரி ஊத்துறேன் மாப்ள." துவைக்கிற கல் புது இடத்தில் ஆடுகிறது. ஒரு ஓட்டுச் சில்லை அண்டக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு கூடம். மச்சான், அத்தை, கயல், மச்சான் மனைவி தேவி அக்கா கையில் காபி டம்ளரோடு, சு. மச்சான் ஹெட்போனை எடுத்துக் கொடுத்தார். "நீங்க கேட்டுச் சொல்லுங்க மாப்ள. உங்க காதுதான் கணக்கு."

தவில் ஓடியது. இடது பக்கம் கிர். ஒவ்வொரு அடிக்கும், தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி. காது இருக்கிற யாருக்கும் கேட்கும். ஐந்து பேர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நிமிடம் கேட்டேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனதில் சரியாகக் கட்டிவிட்டேன்: மச்சான், தப்பு என்னுடையது. ஹெட்போனைக் கழற்றினேன்.

"சுத்தமா இருக்கு மச்சான்."

அத்தை கையைத் தட்டினார். தேவி அக்கா காபி கொடுத்தார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியா" என்றார். ஹெட்போனை வாங்கித் துண்டில் சுற்றினார், மெதுவாக, ஓரத்தை எல்லாம் உள்ளே தள்ளி. அப்போது எனக்குப் புரியவில்லை. அவருக்கு சந்தோஷம் இல்லையே என்றுதான் நினைத்தேன். கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

ஜூன் 24, செவ்வாய்

இன்று புரிந்தது.

சு. சமையலறையில் நின்றபடி சொன்னாள். "அண்ணனுக்கு எடது காது போயிருச்சாம்ங்க." அழுதிருக்கிறாள். நேற்று போனில் அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்குச் சுத்தமாகக் கேட்கிறது, எனக்கு மட்டும் கிர் கேட்கிறது. அப்படியானால் ஹெட்போனில் இல்லை, வீட்டில் இல்லை, காதில்தான். "எங்க அப்பாவுக்கும் அம்பது வயசுலதான் ஆரம்பிச்சுச்சு" என்றாள் சு. "மொதல்ல ஒரு பக்கம். அப்பறம் கடையில யாரு என்ன கேட்டாலும் சிரிச்சுக்கிட்டு நிப்பாரு. யூரியா கேட்டா பொட்டாஷ் குடுப்பாரு. கடைசில பேசுறதையே விட்டுட்டாரு."

மச்சானுக்கு இந்த ஆவணியில் ஐம்பத்தொன்று.

மாமாவை, சு.வின் அப்பாவை, எனக்குத் தெரியும். கல்யாணத்தில் என் கையைப் பிடித்து என்னவோ சொல்ல வந்து, சத்தம் அதிகமாகிவிடுமோ என்று பாதியில் நிறுத்திக்கொண்ட மனிதர்.

இரண்டு நாளாக வீட்டில் எல்லாரும் மச்சானுடைய வலது பக்கம் வந்துதான் பேசுகிறார்களாம். கயல் சாப்பிடும்போது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள். பாட்டுக் கேட்பதை நிறுத்திவிட்டாராம். ஹெட்போன் பீரோவுக்குள். மத்தியானம் கடையை அடைப்பதில்லை.

"வியாழக்கெழம காது டாக்டர்ட்ட போறாராம். தனியாப் போறேங்குறாரு. நீங்க கூடப் போங்களேன்" என்றாள் சு.

சரி என்றேன். சோற்றில் கல். துப்பவும் கூச்சமாக இருந்தது, விழுங்கிவிட்டேன்.

ஜூன் 25, புதன்

லேப் பரிசோதனைப் பட்டியல் தயார். மல்டிமீட்டர் நாலு, பழுது இரண்டு.

என் கணக்கு இது: நாளை சோதனை செய்வார்கள், காது நன்றாக இருக்கிறது என்பார்கள், அவரே நிம்மதியாகிவிடுவார். அப்புறம் "எதுக்கும் ஒரு தடவை குடுங்க மச்சான், சர்வீஸ் பண்றேன்" என்று வாங்கிச் சத்தமில்லாமல் தூளை எடுத்துக் கொடுத்துவிடலாம். யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். கள்ளன் எழுதினதுபோல இருக்கிறது. அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூன் 26, வியாழன்

அரை நாள் விடுப்பு. காது மருத்துவர், நகருக்குள் ஒரு சின்ன கிளினிக். டோக்கன் பதினேழு. பெஞ்சில் ஒரு குழந்தை காதுக்குள் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது. அதன் அம்மா: "இன்னொரு காதுலயாச்சும் ஒண்ணும் போடாம வை சாமி."

மச்சான் புதுச் சட்டை. முழங்காலில் கை வைத்துப் பள்ளிப் பையன்போல உட்கார்ந்திருந்தார். என்னை வலது பக்கம் உட்காரச் சொன்னார்.

கண்ணாடி அறைக்குள் அவருக்கு ஒரு ஹெட்போன் மாட்டினார்கள். கேட்கிறபோதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியிலிருந்து பார்த்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அழுத்துகிறார். சத்தமே இல்லாதபோதும் அழுத்துகிறார் என்று அந்தப் பெண் சிரித்தாள். ஒன்றையும் தவறவிடக் கூடாதே என்று.

டாக்டர் தாளைப் பார்த்தார். "ரெண்டு காதும் நல்லா இருக்கே. இந்தச் சத்தம் எப்பவும் வருதா, ஹெட்போன் போட்டா மட்டுமா?"

"ஹெட்போன் போட்டா மட்டும் சார்."

"அப்ப ஹெட்போன மாத்திப் பாருங்க."

மச்சான் சிரித்தார். தெரியாமல் சொல்லிவிட்ட ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "அது எங்க மாப்ள பாத்துக் குடுத்தது சார். அதுல கோளாறு இருக்காது. இவர்தான் மாப்ள." என் தோளைத் தொட்டார். "நரம்புல ஏதாச்சும் இருக்குமா சார்? தலையில ஸ்கேன் எடுத்துப் பாத்துருவமா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காதுப் படத்தைப் பார்த்தேன்.

"அவசரம் வேணாம்" என்று டாக்டரே சொல்லிவிட்டார். மச்சான் விடவில்லை. ஸ்கேன் எங்கே நன்றாக எடுப்பார்கள் என்று வெளியே வந்ததும் என்னிடமே கேட்டார்.

வண்டி நிறுத்துமிடம். பெட்ரோல் வாடை, வெயில். அங்கே வைத்துச் சொன்னேன். கிரில் பட்டறை, கட்டைச்சுவர், இரும்புத் தூள், எல்லாம். அன்றைக்கே தெரியும் என்பதையும். போன ஞாயிற்றுக்கிழமை எனக்கும் கேட்டது என்பதையும். அதை வாய்க்குள்ளேயே சொன்னேன், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. மச்சான் முதல் தடவை வலது காதைத் திருப்பினார். பழக்கம் ஆகிவிட்டது அதற்குள்.

"திருப்பி மாட்டியிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும் மச்சான்" என்றேன். இதை ஏன் சொன்னேன்?

"நீங்கதான் மாட்டக் கூடாதுன்னீங்களே மாப்ள" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது.

வண்டிச் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. "அப்ப காது நல்லாத்தான் இருக்கு" என்றார். கண்ணில் தண்ணீர். நிம்மதியில் வந்ததா என்மேல் வருத்தத்திலா, இரண்டுமா. துண்டால் துடைத்தார்.

பிறகு: "வீட்டுல சொல்லிறாதீங்க மாப்ள."

"இல்ல மச்சான், நானே வந்து..."

"சொல்லிறாதீங்க. காதுல அழுக்கு அடைச்சிருந்துச்சு, டாக்டர் எடுத்துட்டாருன்னு நான் சொல்லிக்கிறேன். அம்மா காதுல விழுந்தா மனசு ஒடஞ்சு போயிருவாங்க. கயலு ஒங்க மேல அம்புட்டு மரியாத வச்சிருக்கு. ஒங்களுக்கு ஒரு கொறைன்னா எங்களுக்குத்தான் கேவலம்."

எனக்கு வர வேண்டிய கேவலத்தை அவர் வாங்கித் தன் காதில் வைத்துக்கொள்கிறார். "சரி மச்சான்" என்றேன். அதையும் சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

ஹெட்போனை நேற்றே கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இன்று கதவு ஜன்னல் எல்லாம் அடைத்து, விசிறியும் இல்லாமல், உள்ளறையில். செலோடேப்பை மூங்கில் குச்சி முனையில் பசை வெளியே தெரியச் சுற்றிக் ஒவ்வொரு காந்தமாக ஒற்றி எடுத்தேன். மூன்று மணி நேரம். பனியன் நனைந்து பிழிகிற மாதிரி. வந்த தூளை வெள்ளைத் தாளில் தட்டினேன். ஒரு சிட்டிகை. மூக்குப்பொடி போடுகிறவர் ஒரு தடவைக்கு எடுக்கிற அளவு. இதற்கா ஒரு குழி.

தவில் போட்டேன். சுத்தம். அவர் சொன்னது சரிதான், விரல் தோலைத் தொடுவது கேட்கிறது. என் வாழ்க்கையில் செய்ததிலேயே நல்ல வேலை இந்த ஹெட்போன்தான். பாதியில் நிறுத்திவிட்டேன்.

சு. கேட்டாள்: "அழுக்கா இருந்துச்சாமே? அண்ணி சொன்னாங்க. நல்ல வேள நீங்க கூடப் போனீங்க." முகத்தில் எவ்வளவு வெளிச்சம். ராத்திரிக்கு எனக்குப் பிடித்த தேங்காய்ச் சேவை செய்தாள். சாப்பிட்டேன்.

ஜூன் 28, சனி

ஒன்றும் ஓடவில்லை. லேப்பில் ஒரு பையன் ஃபியூஸைப் போக்கிவிட்டு, தானே வந்து சொன்னான். "சார், நாந்தான் சார்." ஏனோ அவனிடம் கத்தினேன். பிறகு டீ வாங்கிக் கொடுத்தேன். மற்ற பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

லேசான தூறல், பதினைந்து நிமிடம். மண் நனையவில்லை.

கீ.குடியில் விருந்து. காது சரியானதற்காக அத்தை நேர்ந்துகொண்டிருந்தாராம். கோயிலில் பொங்கல் வைத்துவிட்டு வந்து இலை போட்டார்கள். பங்காளி வீட்டிலிருந்து இரண்டு பேர். எனக்கு நடு இலை. கயல் மச்சானுக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். காது சரியானபிறகும் பழக்கத்தில் அங்கேயே.

ஹெட்போனை மச்சான் கையில் கொடுத்தேன். எல்லாருக்கும் எதிரில் மாட்டிக் கேட்டார். கண்ணை மூடினார். திறந்து, "ஏ ஒன் மாப்ள" என்றார், ஊருக்குச் சொல்வதுபோலச் சத்தமாக. காது இப்போதுதான் சரியானவர் மாதிரி நன்றாகத்தான் நடித்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர், எனக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறார்.

இலையில் இரண்டாவது தடவை சோறு. அத்தை எனக்கு எதிரில் வந்து நின்றார். பங்காளிகள் பக்கம் திரும்பி, "எம் மாப்ள மட்டும் கையோட கூட்டிக்கிட்டுப் போகலன்னா இவன் அவுங்க அப்பா மாதிரி ஆகியிருப்பான்" என்றார். "எங்க வீட்டுக்காரருக்கு இப்படி ஒரு ஆளு கெடைக்கல." முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

அதைத் தாங்க முடியவில்லை. மற்ற எல்லாவற்றையும் தாங்கியிருந்தேன்.

"அழுக்கு ஒண்ணும் இல்ல அத்தே" என்றேன். "மச்சான் காது எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு. நாந்தான் ஹெட்போன கெடுத்தேன். எர்த்துன்னு சொன்னது பொய். அன்னைக்கி இங்க ஒக்காந்து கேட்டுட்டுச் சுத்தமா இருக்குன்னு சொன்னதும் பொய்."

பங்காளி ஒருவர்தான் முதலில் சிரித்தார்: "மாப்ள வெளையாடுறாரு." அத்தை என்னையே பார்த்தார். பிறகு ஒன்றும் நடக்காததுபோல உள்ளே திரும்பி, "தேவி, மாப்ளைக்கு ரசம் கொண்டா" என்றார். ரசம் வந்தது. ஊற்றினார்கள். சு. தலையை நிமிர்த்தவேயில்லை. அப்பளத்தைப் பொடியாக நொறுக்கிக்கொண்டிருந்தாள், சாப்பிடவில்லை.

மச்சான் பாதிச் சோற்றில் எழுந்தார். அந்த வீட்டில் அவர் பாதியில் எழுந்து நான் பார்த்ததில்லை. கொல்லைப் பக்கம் கை கழுவப் போய்விட்டார். சொல்லாதே என்று அவர் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் நான் என் மனசு இறங்குவதற்காக உடைத்துவிட்டேன். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

கயல் ரசத்தில் கை வைக்காமல் யோசித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் என்னவோ பேச ஆரம்பித்த பிறகு, பங்காளி மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள். கோபமே இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்பதுபோல.

"அப்பறம் எதுக்கு மாமா குழி தோண்டச் சொன்னீங்க?"

எல்லாரும் திரும்பினார்கள். என் வாய் நிறையச் சோறு. மென்றுகொண்டே இருந்தேன்.